பேட்டா, ராக்கெட்டா? சரியாகக் கேட்டு வாங்குவது எப்படி

நம் ஊரில் பந்தை அடிக்கிற எதுவும் பேட்தான். கிரிக்கெட் பேட், ஷட்டில் பேட், டென்னிஸ் பேட், டேபிள் டென்னிஸுக்கு டிடி பேட், போதாக்குறைக்குக் கொசு பேட். மட்டை என்று சொல்லிவிட்டால் இன்னும் வசதி, தென்னை மட்டை வரைக்கும் அதில் அடங்கிவிடும். சென்னை பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் நின்று “அண்ணே, ஷட்டில் பேட் காட்டுங்க” என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கடைக்காரரே அப்படித்தான் சொல்வார். அதனால் ஷட்டில் பேட் என்று சொல்லாதே, அது தப்பு என்று இங்கே வகுப்பெடுக்கப் போவதில்லை. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள்.

சிக்கல் வருவது கடைக்கு வெளியே. ஆன்லைனில் ஆங்கிலத்தில் “பேட் கிரிப்” என்று தேடி ஆர்டர் போட்டால் வந்து சேர்வது கிரிக்கெட் பேட்டின் கைப்பிடியில் ஏற்றுகிற ரப்பர் உறை. ஷட்டில் ஆடுகிறவருக்கு வேண்டியதோ கைப்பிடியைச் சுற்றி ஒட்டுகிற டேப். கவர், பை எல்லாவற்றிலும் இதே கதைதான். அப்புறம் வெளியூர் பயிற்சியாளரிடம் பேசும்போது, விதிப் புத்தகம் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் சாமான் பட்டியல் எழுதும்போது பேட், ராக்கெட் என்ற இரண்டு சொல்லும் இரண்டு வெவ்வேறு பொருள் என்று தெரிந்திருந்தால் பணமும் நேரமும் மிச்சம்.

பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: பந்து எதில் படுகிறது? சட்டத்துக்குள் இழுத்துக் கட்டிய நரம்பில் பட்டால் ராக்கெட். கட்டையிலேயே, அதாவது ஓட்டை இல்லாத கெட்டியான பரப்பில் பட்டால் பேட். டென்னிஸ், ஷட்டில், ஸ்குவாஷ் மூன்றும் ராக்கெட். கிரிக்கெட், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்றும் பேட். ஹாக்கியில் இருப்பது ஸ்டிக், கோல்ஃபில் கிளப், போலோவில் மேலட், அவற்றை இந்தப் பஞ்சாயத்துக்குள் இழுக்க வேண்டாம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் கொசு பேட்டும் ராக்கெட் சாதிதான், ஆனால் அதை அப்படிக் கேட்டால் மளிகைக் கடையில் முழிப்பார்கள்.

இந்தப் பிரிவினை ஏதோ இலக்கண வாத்தியார்கள் போட்டது என்று நினைக்காதீர்கள், ஆட்டத்தின் விதிகளே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. 1977-இல் டென்னிஸில் ஸ்பகெட்டி ராக்கெட் என்று ஒன்று வந்தது. நரம்பைப் பின்னாமல் இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் குழாய்களைக் கோத்துக் கட்டியது. பந்து கன்னாபின்னாவென்று சுழன்றது. மண் தரையில் ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் தோற்காமல் வந்துகொண்டிருந்த கியர்மோ விலாஸ் என்ற வீரர், எதிராளி இலியே நஸ்டாஸே அந்த ராக்கெட்டோடு வந்து ஆடிய இறுதி ஆட்டத்தில் வெறுத்துப்போய் பாதியிலேயே விலகிவிட்டார். உடனே அதற்குத் தடை வந்தது, அடுத்த வருடமே டென்னிஸ் விதியில் ராக்கெட் என்றால் என்ன என்று எழுதி வைத்தார்கள்: ஒரு சட்டம், அதில் ஒரே சீராகப் பின்னிய நரம்பு. சட்டம் மரமா, இரும்பா, கிராஃபைட்டா என்பதைப் பற்றி அந்த விதிக்குப் பெரிய கவலை இல்லை. நரம்பில்தான் அதன் கண்.

கிரிக்கெட்டில் இது அப்படியே தலைகீழ். 1979 டிசம்பரில் பெர்த் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கினார். பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரேர்லி புகார் சொல்ல, நடுவர்கள் மாற்றச் சொல்ல, லில்லி கோபத்தில் பேட்டைத் தூக்கி வீசினார். அதற்குப் பிறகு பந்தை அடிக்கும் பகுதி மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2017 அக்டோபரிலிருந்து ஓரத்தின் தடிமன் 4 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாம் கட்டையைப் பற்றிய கவலை. ஆக ராக்கெட் வாங்கும்போது நரம்பைக் கேளுங்கள், பேட் வாங்கும்போது மரத்தைக் கேளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

இன்னொரு வித்தியாசம் உண்டு, பலர் கவனிக்காதது. கிரிக்கெட்டில் பேட்டைப் பிடித்திருக்கும் கை, கையுறையோடு சேர்த்து, பேட்டின் பகுதியாகவே கணக்கு. அதனால்தான் கையுறையில் பட்டுப் போன பந்தைப் பிடித்தாலும் அவுட். டென்னிஸிலும் ஷட்டிலிலும் கையில் பட்டால் பாயின்ட் போச்சு, ராக்கெட் வேறு, ஆள் வேறு.

சரி, டிடி எந்தப் பக்கம்? இங்கேதான் சுவாரசியம். சர்வதேச டேபிள் டென்னிஸ் விதிகள் அதை ராக்கெட் என்று எழுதுகின்றன. இங்கிலாந்துக்காரர்கள் பேட் என்கிறார்கள், அமெரிக்காவில் பேடில். ஆனால் பொருளைப் பாருங்கள்: நரம்பு கிடையாது, கட்டையின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு, பிடித்திருக்கும் கையில் மணிக்கட்டுக்குக் கீழே பந்து பட்டாலும் அது சரியான அடிதான், கிரிக்கெட் மாதிரியே. என்னைக் கேட்டால் விதிப் புத்தகத்தில் பெயர் ராக்கெட், குணம் முழுக்க பேட். நம் ஊர் டிடி பேட்டுக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். படிவம் எதையாவது ஆங்கிலத்தில் நிரப்பும்போது மட்டும் ராக்கெட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ராக்கெட் வாங்கும்போது

ஷட்டிலில் ஆரம்பிப்போம், அதுதான் அதிகம் விற்பது. முதல் கேள்வி, கட்டிங் போட்டதா போடாததா? நரம்பு கட்டுவதைக் கடைகளில் கட்டிங் என்பார்கள். விலை குறைந்த ராக்கெட்டுகள் கம்பெனியிலேயே நரம்பு கட்டி வரும், பெரும்பாலும் தளர்வாக. நல்ல கிராஃபைட் ராக்கெட்டுகள் பல வெறும் சட்டமாகத்தான் வரும், நரம்பும் அதைக் கட்டும் கூலியும் தனி. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்ததும் நரம்பே இல்லையே என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். விவரத்தில் அன்ஸ்ட்ரங் என்று போட்டிருந்தால் வெறும் சட்டம் என்று பொருள்.

அடுத்தது எவ்வளவு இறுக்கம். இதைப் பவுண்டில் சொல்வார்கள். புதிதாக ஆடுகிறவருக்கு 20 முதல் 24 பவுண்ட் போதும். டிவியில் ஆடுகிறவர்கள் 28, 30 போடுகிறார்களே என்று நீங்களும் போட்டால் கைதான் வலிக்கும், ஷட்டில் போகாது. இறுக்கம் கூடக் கூட நரம்பு தள்ளிக் கொடுக்கும் வேகம் குறையும், நல்ல அடி விழுகிற இடமும் சுருங்கும், அதை ஈடுகட்டுகிற மணிக்கட்டு அவர்களிடம் இருக்கிறது. ராக்கெட்டின் கழுத்துப் பக்கம் அந்தச் சட்டம் எத்தனை பவுண்ட் தாங்கும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டிக் கட்டச் சொல்லாதீர்கள்.

அதே இடத்தில் 4யூ, ஜி5 என்று ஏதாவது இருக்கும். யூ என்பது எடை: 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84 கிராம், 5யூ அதற்கும் கீழே. எண் கூடினால் எடை குறையும், குழம்பாதீர்கள். ஜி என்பது கைப்பிடியின் பருமன். யோனெக்ஸில் அதிலும் எண் கூடினால் கைப்பிடி மெல்லியதாகும், வேறு சில கம்பெனிகள் தலைகீழாக எண் போடுவதும் உண்டு, அதனால் முடிந்தால் கையில் பிடித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மெல்லியதையே எடுங்கள், மேலே டேப் சுற்றிப் பருமனாக்கலாம், பருமனை இளைக்க வைக்க வழியில்லை. முதல் ராக்கெட்டுக்கு 4யூ, தலை கனமும் பிடி கனமும் ஏறக்குறைய சமமாக இருப்பது, இவ்வளவு கேட்டால் போதும். சில நூறு ரூபாய்க்கு ஜோடியாக வருகிற இரும்பு ராக்கெட், மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் சரி, எடை கூடியிருக்கும், கோர்ட்டில் பணம் கட்டி ஆடப் போகிறவருக்கு வேண்டாம்.

நரம்பு ஒன்று அறுந்தால் மீதியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒரு பக்கம் இறுக்கம் போய் மறுபக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சட்டம் கோணிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கி எல்லா நரம்பையும் வெட்டிவிட்டு, அப்புறம் கடைக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ராக்கெட்டை விட்டுப் போவதும் நரம்புக்கு ஆகாது. நரம்பு அறுகிற தொல்லை கிரிக்கெட் பேட்டுக்குக் கிடையாது, அதற்கு வேறு தொல்லைகள், பிறகு சொல்கிறேன். இடையில் ஒன்று: நைலான் ஷட்டில் வாங்கினால் அதன் கார்க் தலையைச் சுற்றியிருக்கும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான காற்றில் ஷட்டில் வேகமாகப் பறக்கும் என்பதால் நம் ஊர் வெயிலுக்குப் பச்சைதான் பெரும்பாலும் பொருந்தும்.

டென்னிஸ் ராக்கெட்டில் பெரியவர்களுக்கு 27 அங்குலம் வழக்கமான நீளம், விதிப்படி 29 வரை போகலாம். பிள்ளைகளுக்கு 19, 21, 23, 25, 26 என்று அளவுகள் உண்டு. வளர்கிற பிள்ளைதானே என்று பள்ளிச் சட்டை மாதிரி பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள், நீளமான ராக்கெட்டைச் சமாளிக்கப் பிள்ளை கண்டபடி கையை முறுக்கும், அந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்சியாளருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஸ்குவாஷ் ராக்கெட் பார்க்க ஷட்டில் ராக்கெட்டின் அண்ணன் போல இருக்கும், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துப் போகாதீர்கள், சுவரில் ஒரு இடி இடித்தால் ஷட்டில் ராக்கெட் முடிந்தது.

பூப்பந்து ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் 1856 வாக்கில் அரச குடும்பத்தினர் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து. அதை ஆடுகிற எல்லோரும் பேட் என்றே சொல்வார்கள், நரம்பு இருப்பதால் ராக்கெட்தான். ஆனால் ஆன்லைனில் வெறுமனே பேட்மின்டன் ராக்கெட் என்று கேட்டால் ஷட்டில் ராக்கெட் வரும், அதனால் பிரயோசனம் இல்லை. இறகு ஷட்டிலின் எடை ஐந்து கிராம் சுமார், கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். அதற்கான ராக்கெட்டும் ஷட்டில் ராக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், 165 கிராமுக்கு மேல். பால் பேட்மின்டன் ராக்கெட் என்று முழுப் பெயரைச் சொல்லித் தேடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இந்த ஆட்டம் நடக்கிற ஊர்க் கடையிலேயே கேளுங்கள், அதுதான் நல்லது.

பேட் வாங்கும்போது

கிரிக்கெட் பேட்டுக்கு முதல் கேள்வி, எந்தப் பந்து? டென்னிஸ் பந்தா, கார்க் பந்தா, லெதர் பந்தா? டென்னிஸ் பந்துக்கென்று செய்த பேட்டில் லெதர் பந்தை ஆடினால் சீக்கிரமே விரிசல் விட்டுவிடும். லெதர் பந்துக்கான பேட்டில் டென்னிஸ் பந்து ஆடலாம், ஆனால் அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை.

இரண்டாவது மரம். காஷ்மீர் வில்லோ, இங்கிலீஷ் வில்லோ என்று இரண்டைத்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள். அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம் பக்கம் சாலையின் இரண்டு பக்கமும் பேட் செய்யும் பட்டறைகள்தான், காஷ்மீர் வில்லோ அங்கிருந்து வருவது. அது கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் கனம், விலை குறைவு. இங்கிலீஷ் வில்லோ வெளுப்பாக, மென்மையாக இருக்கும், பந்து நன்றாகத் தெறிக்கும், விலை பல மடங்கு. முகத்தில் ஓடுகிற நேர்க்கோடுகளை எண்ணிப் பார்த்து தரம் சொல்வார்கள். கோடு அதிகம் என்றாலே நல்ல பேட் என்று கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. கையில் தூக்கிப் பார்க்கும்போது கனம் எங்கே நிற்கிறது என்பதற்குத்தான் என் முதல் மதிப்பெண். மேல் கையால் மட்டும் பேட்டைப் பிடித்துத் தூக்குங்கள், கை தொங்கிப்போனால் அது உங்களுக்கு அதிகம். பெரியவர்களுக்கான பேட்டுகள் பெரும்பாலும் 1.1 முதல் 1.25 கிலோவுக்குள் இருக்கும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஷார்ட் ஹேண்டில் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, குட்டையானவர்களுக்குப் போல என்று நினைத்து விலகிப் போகிறவர்கள் உண்டு. பெரியவர்கள் எல்லோருக்கும் வழக்கமான அளவே அதுதான். லாங் ஹேண்டில் ஆறடிக்கு மேல் இருப்பவர்களுக்கு. பிள்ளைகளுக்கு 6 வரை எண்கள், அதற்கும் பெரியவர் அளவுக்கும் நடுவில் ஹாரோ என்று ஒன்று.

ராக்கெட் வாங்கினால் கட்டிங், பேட் வாங்கினால் நாக்கிங், அதாவது ஆடும்முன் தட்டிப் பதப்படுத்துவது. புது பேட்டை நேராக லெதர் பந்துக்குக் கொண்டுபோனால் ஓரமும் அடிமுனையும் பிளந்துவிடும். காய்ச்சாத ஆளி விதை எண்ணெயை முகத்திலும் ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, படுக்கவைத்து உலர விடுங்கள். கைப்பிடி சேருகிற இடத்திலும் ஸ்டிக்கரிலும் எண்ணெய் படக் கூடாது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய முகம் என்றால் அங்கே எண்ணெயே வேண்டாம். அப்புறம் மரச் சுத்தியால் முதலில் மெதுவாக, போகப் போக அழுத்தமாக, தினம் கொஞ்சமாகச் சில மணி நேரம் தட்டுங்கள். ஓரத்தை நேராக அடிக்காமல் சாய்வாகத் தட்டி உருட்டிவிட வேண்டும். பிறகு பழைய பந்தில் மெதுவாக ஆடிப் பாருங்கள், தையல் தடம் ஆழமாகப் பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும் என்று அர்த்தம். ஆடத் தயார் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் ஓரிரு மணி நேரமாவது தட்டுங்கள்.

டிடிக்கு ரெடிமேட் பேட் ஒரு வகை, கட்டையும் ரப்பரும் தனித்தனியாக வாங்கி ஒட்டுவது இன்னொரு வகை. கட்டையை பிளேடு என்பார்கள். பொழுதுபோக்குக்கு ரெடிமேட் போதும். போட்டிக்குப் போவதானால் ரப்பரில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐடிடிஎஃப் முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச் நிறம். முன்பு அது சிவப்பு மட்டும், 2021 அக்டோபருக்குப் பிறகு பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் சரி. ஆட்டம் தொடங்கும்முன் எதிராளி உங்கள் பேட்டை வாங்கிப் பார்ப்பார், அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விதியே அதுதான்.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் தேடும்போதும்

பேட்டுக்கு வினைச்சொல் உண்டு, ராக்கெட்டுக்குக் கிடையாது. கிரிக்கெட்டில் பேட்டிங் செய்யலாம், ஆடுகிறவர் பேட்டர், 2021-இல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி தன் விதிகளிலேயே பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு அதைப் போட்டது. டென்னிஸ் ஆடுகிறவர் பிளேயர்தான், அவர் பேட்டிங் செய்வதில்லை. ராக்கெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரைச்சல் என்றும் மோசடிக் கும்பல் என்றும் வேறு பொருள்கள் இருப்பதால் செய்தித் தலைப்பில் அதைப் பார்த்து விளையாட்டுப் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து இரண்டு விதம்: கே, இ, டி என்று முடிவது ஒன்று, க்யூ, யூ, இ, டி என்று முடிவது இன்னொன்று. இரண்டும் சரிதான், ஆன்லைன் கடைகளில் இரண்டையும் போட்டுத் தேடிப் பாருங்கள், சில சமயம் வேறு வேறு பொருள் காட்டும். தமிழ் எழுத்தில் தேடினால் விண்வெளிக்குப் போகிற ராக்கெட்டும் சேர்ந்து வரும், ஆகவே ஆட்டத்தின் பெயரை முன்னால் போடாமல் தேடவே தேடாதீர்கள்.

கடைசியாக, இப்போது நகரங்களில் பரவிவரும் இரண்டு புது ஆட்டங்கள் நம் ஒரே கேள்வி விதியைக் கலைத்துப் போடுகின்றன. பிக்கிள்பால், 1965-இல் அமெரிக்காவில் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது, அதில் இருப்பது கெட்டிப் பரப்புள்ள பேடில், பேட் என்று தேடினால் சரியாகக் கிடைக்காது. பாடெல், 1969-இல் மெக்சிகோவில் பிறந்தது, அதில் நரம்பே கிடையாது, ஓட்டை போட்ட தடித்த பலகை மாதிரி இருக்கும், ஆனாலும் ஆங்கிலத்தில் ராக்கெட் என்றே சொல்கிறார்கள். ஆட்டத்தின் பெயரும் பொருளின் பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால் பாடெலுக்குப் போகிறவர் பேடில் வாங்கிக்கொண்டு வந்து நிற்பது சகஜம். ஓட்டை இருக்கிறதா, கைப்பிடியின் அடியில் மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு இருக்கிறதா என்று பார்த்தால் பாடெல் ராக்கெட் தெரிந்துவிடும். அந்தக் கயிற்றை மாட்டாமல் ஆட விதி அனுமதிப்பதில்லை, கண்ணாடிச் சுவருக்குள் நாலு பேர் நெருங்கி நின்று ஆடும் ஆட்டம் அது.